பதினோரு பேருக்கும் ஒரே கூரை வேண்டும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் எங்கே போகலாம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே தங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். தீம் பார்க்குக்கு நம் மலேசியாவில் குறைவில்லை. தங்கத்தான் இடம் கிடைப்பதில்லை. அம்மா, மாமியார், நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் மூவர், தம்பி, அவன் வீட்டுக்காரி, அவர்கள் பிள்ளைகள் இருவர் என்று பதினோரு பேர். பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதைப் பெரிய குடும்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறி இத்தனை வருஷம் ஆன பிறகும் இங்கே கல்யாணம், காதுகுத்து, விடுமுறை எல்லாமே பாட்டிமார்களோடுதான். ஹோட்டல்காரர் கணக்கிலோ குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அந்தக் கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது.

தோட்டத்தில் வளர்ந்த என் வயசுக்காரர்களுக்குக் கெந்திங் மலைத் தீம் பார்க் என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ பஸ் பிடிக்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டில் எழுந்தே பழகிய சனம் அன்றைக்கு அதற்கும் முன்னால் எழுந்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பும். ஸ்வெட்டர் யாரிடமும் இருக்காது. அப்பாவின் நீளக்கைச் சட்டைதான் எங்களுக்குக் குளிருடை. வெளிப்புறப் பார்க்கில் கார்க்ஸ்க்ரூ ரோலர் கோஸ்டரில் தலைகீழாகப் போகிறவர்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். சாயங்காலம் அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்பிவிடுவோம். மேலே இரவு தங்குவது என்பதெல்லாம் துரைமார் வீட்டு விஷயம்.

அதனால்தான், நாங்களே சம்பாதிக்க ஆரம்பித்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே தங்க முடிந்தபோது அது எனக்குச் சாதாரணமாகப்படவில்லை. மலை உச்சி ஹோட்டலில் இல்லை. அதற்குக் கீழே, கோத்தோங் ஜெயா பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. மூன்று படுக்கையறை, நீளமான ஒரு கூடம், கேஸ் அடுப்போடு ஒரு சமையலறை. மேலே பார்க்குக்குப் போகிறவர்களை நம்பித்தான் அந்தக் கட்டடமே வாடகைக்கு ஓடியது. கூடத்தில் இருந்த நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து வேனில் கொண்டுவந்த தோத்தோ மெத்தைகளை வரிசையாக விரிப்போம். சுவர் பக்கம் மாமியார், அடுத்து அம்மா, அப்புறம் சின்னதுகள். பால்கனிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலே பனி உள்ளே வந்துவிடும். துவைத்துப் போட்ட துண்டு இரண்டு நாளானாலும் காயாது. மாமியார் அடுப்பில் சார்டின் டின்னைக் குழம்பு வைப்பார். வெங்காயம் கூடுதல், புளி கொஞ்சம், கடைசியில் கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை, அதுவும் வீட்டு வாசல் செடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தது. மலைக்குளிரில் அந்தக் குழம்பின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து, பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதுவார்கள். என் பெரியவளுக்கு அந்த வயதில் பார்த்த ரைடு ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்தக் கண்ணாடி நினைவிருக்கிறது.

2013 செப்டம்பரில் வெளிப்புறப் பார்க்கை மூடினார்கள். அந்த இடத்தில் ஃபாக்ஸ் சினிமா நிறுவனத்தின் பெயரில் பெரிதாக ஒன்று வரும் என்றார்கள். வேலை இழுத்தது. 2018-ல் அது கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பிள்ளை பாலர் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிற காலம் அது. நடுவில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வேறு. நாங்கள் தங்கிய அந்த வீடுகளை இப்போது யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. பார்க் போனது பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள், படம் போட்டார்கள். தங்கிய வீடு போனது பற்றி ஒரு வரி யாரும் எழுதவில்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய இழப்பு இரண்டாவதுதான். பார்க் புதிதாக வந்துவிட்டது. அப்படி ஒரு கூடம் வரவில்லை.

மேலே இப்போது அறைக்கா பஞ்சம்? ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள். உலகத்திலேயே அதிக அறைகள் உள்ள ஹோட்டல் என்று கின்னஸில் இடம்பிடித்தது. ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்கான அறை. பதினோரு பேர் என்றால் நாலு அறை எடுக்க வேண்டும். நாலும் ஒரே மாடியில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லிஃப்ட் என்றாலே பயப்படுகிற மாமியாரை ஒரு மாடியிலும், இரவில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டிய என்னை வேறு மாடியிலும் போட்டால் அது குடும்பப் பயணமா? ஜொகூரில் லெகோலேண்ட் ஹோட்டலைப் பாருங்கள். 2013-ல் திறந்தது, 249 அறைகள். பெரியவர்களுக்கு ஒரு கட்டில், பிள்ளைகளுக்குத் தனியாகத் தடுத்த இடத்தில் அடுக்குக் கட்டில். பிள்ளைகளுக்காக யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பாட்டிக்கு ஒரு கட்டில் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பேரப்பிள்ளை சறுக்கி விளையாடுவதைப் பார்க்கிற ஆசை அவருக்கும் இருக்காதா? ஆயுள் முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர் அவர். விடுமுறை என்ற ஒன்றைப் பிள்ளைகள் மூலமாகத்தான் பார்க்கிறார்.

அறைக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாட்டில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தீப்பிடித்தால் எத்தனை பேரை இறக்க முடியும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதனால்தான் ஒரே அறைக்குள் திருட்டுத்தனமாக ஏழெட்டுப் பேரை அடைக்கிற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரிய வீடாகவே கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது எங்களுக்குக் கைகொடுப்பது ஹோம்ஸ்தேதான். தாமானில் ஒரு டெரஸ் வீட்டை முழுசாக ஓரிரு நாளைக்கு எடுத்துக்கொள்வது. அதில் எங்கள் வழி இது: விளம்பரத்தில் நீச்சல் குளம், சுவரில் கார்ட்டூன் படம், வண்ண விளக்கு எதையும் பார்க்க மாட்டோம். முதலில் கூடத்தின் படம். நாற்காலியைத் தள்ளினால் ஏழு பேர் படுக்கலாமா? அடுத்தது கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா, அதில் உட்காரும் டாய்லெட்டா. முட்டி வலிக்காரரை மாடிப்படி ஏற்ற முடியாது. கனமான சமையல் செய்ய விடுவார்களா என்பது மூன்றாவது. சிலர் தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும்தான் அடுப்பு என்பார்கள், அதைப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டால் சண்டைதான். வீட்டுக்காரர் முஸ்லிம் என்றால் பன்றி இறைச்சி, மதுபானம் கூடாது என்பார். அது அவர் வீடு, அவர் பாத்திரம், அதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆட்டையும் கோழியையும் வைத்தே நாம் அமர்க்களப்படுத்திவிடலாம். ஆள் கணக்கை மறைக்காமல் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். "பெராப்பா ஓராங், காக்?" (எத்தனை பேர், அக்கா?) என்று கேட்டால் பதினொன்று என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கூட இரண்டு தோத்தோ எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போனில் பேசும்வரை வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் "புக் ஆகிவிட்டது" என்பார்கள். அதே தேதிக்கு வேறு இனத் தோழி ஒருத்தியை விட்டுக் கேட்கச் சொன்னால் வீடு காலி. எனக்கே நடந்திருக்கிறது, இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். சமையல் வாசனை, சத்தம், குப்பை என்று காரணம் சொல்வார்கள். இந்த நாட்டில் பிறந்து, வரி கட்டி, டெப்பாசிட்டும் முன்பணமாகக் கொடுக்கிறவர்களிடம் பெயரைக் கேட்டு வாசலை அடைப்பது அவமானம், அதைச் செய்கிறவர்களுக்கு. ஹோட்டலில் இந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் தீம் பார்க்குகளே பெரிய வீடுகளைக் கட்டி வைக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலிவு என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் படுத்துவிடவும் கூடாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியிலிருந்து கெந்திங் ஏறுகிற வழியில் ஒரு பண்ணை முகாமின் மேல் மலை சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமம் இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் தேடியதும் நாம் தேடுவதுதானே, குடும்பத்தோடு கட்டுப்படியாகிற விலையில் ஒரு ராத்திரி. அன்றைக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு என் அம்மா டிவி முன்னால் இருந்து எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் மலைச்சரிவு ஓரம், ஆற்றோரம் எதையும் நாங்கள் எடுப்பதில்லை. முகாம் என்றால் ஊராட்சியின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டச் சொல்வேன். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் தங்கவே தங்காதீர்கள்.

எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நமக்குப் பக்கம் தம்புன். அங்கே லோஸ்ட் வேர்ல்ட் தீம் பார்க் 2004-லிருந்து இருக்கிறது. வெந்நீர் ஊற்று இருப்பதால் பெரியவர்கள் காலை நனைத்துக்கொண்டு உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரில் கிடக்கும்போது பாட்டிமாரைப் பை காவலுக்கு உட்கார வைக்கிற கொடுமை அங்கே இல்லை. ஈப்போ சுற்றுவட்டாரத்தில் டெரஸ் வீடுகள் நிறைய வாடகைக்குக் கிடைக்கின்றன. பார்க்குக்கு ஒட்டியே இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். கால் மணி நேரம் கார் ஓட்டினால் இரண்டு அறை கூடுதலாகக் கிடைக்கும். பினாங்கில் தெலுக் பஹாங்கில் இருக்கிற எஸ்கேப் தீம் பார்க்குக்கும் அப்படித்தான். 1,111 மீட்டர் நீளச் சறுக்குக் குழாய் அங்கேதான் இருக்கிறது, இளசுகள் விட மாட்டார்கள். பத்து ஃபெரிங்கியில் கடல் பார்த்த அடுக்குமாடிகளில் மூன்று அறை வீடு தேடிப் பாருங்கள். மலாக்காவில் அலோர் காஜாவில் அ ஃபமோசா பக்கம் முழு வில்லாவாகவே எடுக்கலாம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போனால் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். லெகோலேண்டுக்கு என்றால் கேலாங் பாத்தா பக்கம் தாமான் வீடு.

ஈப்போவில் மேப்ஸ் பார்க்கை 2017-ல் திறந்து 2020 ஜனவரியில் மூடியபோது எல்லாரும் டிக்கெட் விலை, ரைடு எண்ணிக்கை என்றுதான் பேசினார்கள். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு தீம் பார்க் இருந்து மூடியது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்ததாக யார் கட்டினாலும் ரைடுக்குக் கொட்டுகிற காசில் கொஞ்சத்தை எடுத்துப் பத்து வீடு கட்டுங்கள். பழைய தோட்டத்து லயத்து வீடுகள் மாதிரி, ஒரே வரிசை, பொதுவான அஞ்சடி நடைபாதை, பக்கத்துக் கதவைத் தட்டினால் அக்கா வீடு. கூடம், அடுப்பு, கீழ்த்தளத்தில் குளியலறை. வருஷம் முழுக்க அவை நிறையும் என்று நான் நம்புகிறேன். நம் ஆட்கள் மட்டுமில்லை, மலாய்க் குடும்பங்களும் தாத்தா பாட்டியோடுதான் போகிறார்கள், சீனக் குடும்பங்களும் அப்படித்தான்.

நம் கூட்டுறவுச் சங்கங்களும் இதை யோசிக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சனம் வீதிக்கு வரப்போகிறது என்ற நிலையில், 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது நம் சுங்கை சிப்புட்டின் எம்.பி. அவர். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தையே வாங்க முடிந்த சமூகத்துக்குத் தம்புனில் நாலு பெரிய வீடு வாங்கி, உறுப்பினர் குடும்பங்களுக்கு நியாயமான வாடகைக்கு விடுவது முடியாத காரியம் இல்லை. பெயரைக் கேட்டு யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். மிளகாய்த்தூள் வாசனைக்கு யாரும் டெப்பாசிட்டைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். சங்கங்களில் பொறுப்பில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் இதைப் படித்தால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். உறுப்பினர் கையெழுத்து வேண்டுமென்றால் எங்கள் தாமானில் நானே வீடு வீடாகப் போய் வாங்கித் தருகிறேன்.