பேப்பர் போடாதவளுக்குப் படிப்பு இல்லையாம்

அமெரிக்காவில் உளவியல் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் மளமளவென்று நிரம்பிவிடும். 'ஆராய்ச்சி அனுபவம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். எந்த ஆய்வகத்தில் இருந்தாய், எத்தனை மாதம் இருந்தாய், யாருடைய மேற்பார்வையில் இருந்தாய், ஆய்விதழில் என்ன பேப்பர் போட்டாய் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வதற்காகத்தானே ஐயா அந்தப் படிப்புக்கே வருகிறோம்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்கள். உளவியல் படித்தவள் இந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இவர்களுடைய நியாயத்துக்கு இதைவிடக் கச்சிதமாகப் பொருந்துவது வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அங்குள்ள மாணவர்கள் பட்டம் முடித்த கையோடு ஏதாவது ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சம்பளத்துக்கு உதவியாளராகச் சேர்ந்து, ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கிறார்கள். வேலை விசா இல்லாத நமக்கு அந்த வழி கிடையாது. இங்கேயே தேடிக்கொள்ளலாம் என்றால் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய், அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கைக்காசில் பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்று சொல்லி நம்மிடமே கட்டணம் வசூலிக்கும் இடங்களும் உண்டு. தகப்பனாருக்கு வசதி இருந்தால் ஆராய்ச்சி அனுபவம், இல்லாவிட்டால் வெறும் ஆர்வம் என்று படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால் நேர்மையாக இருக்கும்.

எங்கள் காரைக்குடி ஆராய்ச்சி வாசனையே இல்லாத ஊர் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே ஆராய்வது மின்வேதியியலை; மனித மனத்தை ஆராய விரும்பி நான் தட்டிய கதவுகள் எதுவும் திறக்கவில்லை.

கதவு திறக்கவில்லை என்பதற்காக நான் சும்மா இருந்துவிடவும் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, இரண்டு கட்டு மூன்று கட்டு வீடுகளில் தனியாக வாழும் ஆச்சிமார்களின் தனிமையைப் பற்றித்தான் என் எம்எஸ்சி ஆய்வேடு. தனிமையை அளக்கும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரங்களில், அடிக்கடி என்ற நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எந்த ஆச்சி அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார்? பள்ளத்தூரில் ஓர் ஆச்சி முதலில் நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து, காப்பி கொடுத்து, முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் சடங்குக்கு) எல்லாரும் வந்து இருக்கும்போது ஒன்னும் தெரியாது ஆத்தா. அவுக கார்ல ஏறிப் போன அன்னைக்கு ராத்திரிதான் வீடு பெருசாத் தெரியும். இதுல எதை எழுதுவ நீ?" எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அளவுகோல் எங்கே மனிதரைத் தவறவிடுகிறது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்த முற்றம்தான். விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு என்று எழுதிக் கொடுக்கும் நோக்க அறிக்கையில் அதை எழுதினேன். ஆய்வகத்தின் பெயர் இல்லை, பேப்பர் இல்லை. ஆகவே அது அனுபவத்தில் சேராது.

எது சேரும் தெரியுமா? பணம் கட்டினால் சில நாட்களில் வெளியிட்டுத் தரும் ஆய்விதழ்களில் வரும் பேப்பர் சேரும். கேள்வித்தாளை வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிட்டு, வந்த விடைகளை ப்ராஜெக்ட் சென்டரில் கொடுத்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்ட அட்டவணை வாங்கி, ஒட்டி, பைண்டிங் செய்து, தங்க எழுத்து பொறித்துக் கொடுப்பவர்களுக்கு படிவத்தில் எழுத இரண்டு வரி கிடைக்கிறது. வெயிலில் தெருத்தெருவாக நடந்தவளுக்கு ஒன்றும் இல்லை. இதைத் தரம் பார்ப்பது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

"எதுக்கு அமெரிக்கா? இங்கேயே எம்ஃபில் படிச்சா என்ன?" என்று சித்தப்பா கேட்கிறார். 2022-இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பொதுவாக எம்ஃபில் படிப்பையே நிறுத்தியது, மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய நெடுங்காலம் வழியாக இருந்த மருத்துவ உளவியல் எம்ஃபிலைத் தவணை தவணையாகத்தான் நீட்டித்தார்கள் என்ற கதையை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

இதில் எனக்கு அடங்காத ஆத்திரம் ஒன்று உண்டு. ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2010-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது: முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதத்தினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நாடுகளிலோ உலக மக்கள்தொகையில் 12 சதவீதம்தான் வாழ்கிறது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு பன்முகத்தன்மை வேண்டும், உலகின் மற்றப் பகுதிகளிலிருந்து ஆய்வாளர்கள் வர வேண்டும் என்று துறையே பேசுகிறது. பள்ளத்தூர் ஆச்சியின் மொழியில் அவரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருத்தி வந்து நின்றால் மட்டும், நீ எந்த ஆய்வகம் என்று கேட்கிறது!

விண்ணப்பக் கட்டணத்தில் மட்டும் இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக டாலரில் கட்ட வேண்டும். அது எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைக்கு ஆகும் பணம். பேப்பர் போடாதவர்களை நீங்கள் எடுப்பதே இல்லை என்றால், அதை முதல் பக்கத்தில், கட்டணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, பெரிய எழுத்தில் போட்டுத் தொலையுங்கள்.