தத்தெடுத்ததும் இல்லை, ஆட்டம் கற்றுக்கொடுத்ததும் இல்லை

அமெரிக்க ஃபுட்பால் வீரர் மைக்கேல் ஓஹரின் வாழ்க்கையை வைத்து எடுத்த ஹாலிவுட் படம் 'தி பிளைண்ட் சைட்' பற்றி மேலே ஒருவர், "தி பிளைண்ட் சைட் முழுக்க உண்மைக் கதை, அந்தக் குடும்பம் மைக்கேல் ஓஹரைத் தத்தெடுத்து, ஃபுட்பால் என்றால் என்னவென்றே தெரியாத பையனை ஸ்டாராக்கியது" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சட்டப்படி தத்தெடுப்பு நடக்கவே இல்லை. 2004இல், ஓஹருக்கு 18 வயது நிறைந்த பிறகு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர நீதிமன்றம் வழியாக அந்த வீட்டு டூஹி தம்பதி பெற்றது 'கன்சர்வேட்டர்ஷிப்'. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்காக உள்ள ஏற்பாடு அது; ஒப்பந்தங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் பொறுப்பாளர் கைக்குப் போய்விடும். ஓஹருக்கு அப்படி எந்தக் குறைபாடும் கிடையாது. 2023 ஆகஸ்டில் அவர் வழக்குப் போட்டார், செப்டம்பரில் நீதிபதி அந்தக் கன்சர்வேட்டர்ஷிப்பை ரத்து செய்தார். படத்தின் வருமானம் பற்றிய பணத் தகராறு தனி; அவர் சொன்ன குற்றச்சாட்டுகளை அந்தக் குடும்பம் மறுத்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். படத்தில் வீட்டுச் சின்னப் பையன் கெட்சப் பாட்டிலை மேசையில் நகர்த்தி நகர்த்திப் பாடம் எடுப்பானே, தியேட்டரில் எல்லோரும் ரசித்த காட்சிதான். ஓஹருக்கு எரிச்சலே அங்குதான். சிறு வயதிலிருந்தே ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்துக் கற்றவன் நான், என்னை மந்தபுத்திக்காரனாகக் காட்டிவிட்டார்கள் என்று 2011இல் வந்த தன் சுயசரிதையிலேயே வருந்தியிருக்கிறார். வழக்கெல்லாம் அதற்கு 12 வருடம் கழித்துத்தான்.

அந்த வீட்டில் அவருக்கு இடமும் படிப்புக்கு உதவியும் கிடைத்தது நிஜம், யாரும் மறுக்கவில்லை. அந்த வீட்டு அம்மாவாக வந்த சாண்ட்ரா புல்லக் நடிப்பும் அருமை, ஆஸ்கர் சும்மா கொடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஓஹரைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட வேறு குடும்பங்களும் மெம்ஃபிஸில் இருந்தன.