ஏழாம் கூப்பில் தாழ நின்றவன்

நாட்டுப்புறப் பாடல் என்றாலே "ஆசிரியர் பெயர் தெரியாது, மக்கள் எல்லோரும் சேர்ந்து பாடியது" என்று எழுதிவிடுகிறோமே, அந்த வரி மேல் எனக்குக் கொஞ்ச காலமாகவே கோபம். எல்லோரும் சேர்ந்து ஒரு வரியைக் கூடக் கட்ட முடியாது. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிப் பாருங்கள், தெரியும். யாரோ ஒருத்தர் கட்டியிருக்கிறார், மற்றவர்கள் பாடிப் பாடி மாற்றியிருக்கிறார்கள். அந்த ஒருத்தர் யார் என்று கேட்க நாம் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

யாரையோ குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றவாளி நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், தடிக்காரன்கோணத்துக்கு மேலே, கீரிப்பாறை போகிற வழியில் ஒரு பாட்டா (தாத்தாவை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) இருந்தார். மரம் வெட்டுகிறவர். (எங்கள் பக்கம் தடி என்றால் வெட்டிச் சாய்த்த மரம். ஊர்ப் பெயரிலேயே தடிக்காரன் இருக்கிறான் பாருங்கள்.) பதினைந்து பதினாறு வயதில் கோடாலி பிடித்தவர். 1984-ல் அரசு ரப்பர் கழகம் வருவதற்கு முன்னாலேயே வனத்துறை காட்டை வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்தது, அந்த வெட்டில் இருந்தவர். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெட்டுவதற்கு ஏலம் விடுவார்கள், ஒவ்வொரு பகுதியும் ஒரு கூப்பு. மூன்றாம் கூப்பு, ஏழாம் கூப்பு என்று நம்பர் போட்டுத்தான் பாட்டா தன் வயசையே சொல்வார். கல்யாணம் நாலாம் கூப்பு வெட்டும்போது, மூத்த மகள் பிறந்தது ஆறாம் கூப்பு முடிந்து மழை பிடித்தபோது, இப்படி.

அவர் பாட்டு கட்டுவார் என்பது எனக்கு ஓகி புயலுக்குப் பிறகுதான் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று அடித்த அடியில் எங்கள் பக்கம் ரப்பர் மரம் எல்லாம் பாதியில் ஒடிந்து தீக்குச்சி மாதிரி கிடந்தது, வாழைத் தோப்புகளைச் சொல்லவே வேண்டாம். ரெண்டு மாதம் கழித்து ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மெஷின் வாள் சத்தம் எல்லாத் திசையிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டா ஒரு ஒடிந்த அயனி (காட்டுப்பலா) மரத்தின் மேல் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏதோ சாமி பாட்டு என்று நினைத்து பக்கத்தில் போனால், மரத்தை ஏசிக்கொண்டிருக்கிறார், பாட்டாகவே. எண்பது வருசம் நின்றவனுக்கு ஒரு ராத்திரி நிற்க முடியலையா என்று.

அப்புறம் மூன்று நாள் சாயங்காலம் போனேன். போனில் பதிவு செய்தேன். மொத்தம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

நான் போனது "மரம் வெட்டும்போது பாடும் பாட்டு" தேடி. முதல் நாளே அதில் மண் விழுந்தது. மரம் வெட்டும்போது பாடவே மாட்டார்களாம். ஒரு பக்கம் முன்வெட்டுப் போட்டு, எதிர்ப் பக்கம் ரெண்டு பேர் வாள் இழுத்து, இடையில் ஆப்பு அடித்து இறக்கும்போது மரம் உள்ளுக்குள் நெரியும், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எந்த நேரம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். "மரத்துக்க சத்தம் கேக்கணும்லா மக்கா, அப்பப் போய் எவனாவது பாட்டு படிப்பானா?" என்றார். பாட்டெல்லாம் சாய்த்த தடியை வடம் கட்டி இழுக்கும்போது. இல்லையென்றால் ராத்திரி ஷெட்டில், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "தொழில் பாடல்" என்று ஒரு பெட்டி வைத்திருப்போமே, பாட்டாவின் பாட்டில் பாதி அந்தப் பெட்டிக்குள் அடங்காது. பாதி ஏச்சு. காண்ட்ராக்டரை, மேஸ்திரியை, மழையை, மாமியாரை.

மூணு தடி அறுத்தோம் முப்பது நாள் ஆச்சி
நாணயமா கூலி கேட்டா நாளைக்கின்னு பேச்சி

இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அரை நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. பேச்சியம்மன் பெயரையும் பேச்சிப்பாறையையும் அந்த ஒரு சொல்லுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார், கூலிக்குப் பதில் அம்மனைக் காட்டுகிறான் காண்ட்ராக்டர்.

இன்னொன்று, தேக்கைப் பற்றி:

நட்டது எங்கப்பன் நனைச்சது எங்கம்மை
வெட்டப் போனா மட்டும் ராசாவுக்க மரமாம்

திருவிதாங்கூர் காலத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி எல்லாம் ராஜாவுக்குச் சொந்தம், உங்கள் விளையில் (தோட்டத்தில்) முளைத்தாலும். 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, ராஜாவும் போயாயிற்று, அந்த வயிற்றெரிச்சல் மட்டும் ரெண்டு வரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாடி முடித்ததும் பாட்டா ஒரு வார்த்தை சொன்னார், அதைக் கவனியுங்கள்: "இது நான் கெட்டினதில்ல, எனக்க மாமன் கெட்டினது." அவருக்குத் தெரிகிறது எது யார் கட்டியது என்று. மக்கள் எல்லோரும் சேர்ந்து பாடியது என்று அவர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பது நமக்குத்தான்.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

பாட்டாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் "பாட்டு நிக்கட்டும், அதுக்கு முன்ன ஒரு காரியம் சொல்லுதேன் கேளு" என்று தொடங்கி இருபது நிமிடம் பேசுவார். எந்தக் கூப்பு, யாரோடு வேலை, அன்றைக்கு என்ன கறி, காணிக்காரரில் (எங்கள் மலைப் பழங்குடிகள்) யார் வழிகாட்டியது, இலங்கையிலிருந்து வந்து ரப்பரில் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் எந்த மெட்டைப் பிடித்தார், கோயில் கொடையில் வில்லுப்பாட்டு அண்ணாவிக்கு (தலைமைப் பாடகருக்கு) பின்னால் உட்கார்ந்து ஜால்ரா அடித்து எப்படிச் சந்தம் படித்தார், எல்லாம் வரும். நான் ம்ம் ம்ம் என்று தலையாட்டிக்கொண்டே, எப்போது பாட்டுக்கு வருவார் என்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் போன் நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது. உட்கார்ந்து பாட்டை மட்டும் வெட்டி எடுத்தேன். பதினொரு பாட்டு, நாற்பது நிமிடம். மீதி ஐந்து மணி நேரப் பேச்சை அழித்தேன். சுத்தமாக எடிட் பண்ணிவிட்டோம் என்று பெருமை வேறு. இருமல் கூட இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள் என்று நண்பர் ஒருவர் பாராட்டினார், நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

பதினொன்றில் ஒன்பதாவது பாட்டு இப்படித் தொடங்கும்:

ஏழாம் கூப்பில ஈட்டி சாஞ்சுது
தாழ நின்னவன் வீடு போகல

மேடான இடத்தில் ஈட்டி மரம் சாய்கிறது, சரிவில் கீழே ஒருவன் நிற்கிறான். அவ்வளவுதான் எனக்கு இப்போது தெரியும். மீதி வரிகளில் அவன் சோற்றுப் பொதி வருகிறது, ஒரு சிவப்புத் துவர்த்து (துண்டு) வருகிறது, வாசலில் யாரோ காத்திருக்கிறார்கள். அவன் பெயர் வரவில்லை. பெயரைப் பாட்டா பாட்டுக்கு முன்னால் சொன்னார். ஊரைச் சொன்னார், அவன் அன்றைக்கு வேலைக்கே வந்திருக்கக் கூடாது, வேறு ஒருத்தனுக்குப் பதிலாக வந்தான் என்பது வரை சொன்னார், இது மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்பது கூட ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை. அழித்துவிட்டேன். பாட்டா 2021-ல், கொரோனா இரண்டாவது அலை நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

இதில் என்னைக் குடைவது இதுதான். எங்கள் மாவட்டத்தில் அகாலமாகச் செத்தவனை நாம் லேசில் விடுவதில்லை. வில்லுப்பாட்டே பெரும்பாதி அப்படிப்பட்டவர்களுக்காகத்தானே. கொலையுண்டவர்கள், ஏமாற்றிக் கொல்லப்பட்டவர்கள், மாட்டை மீட்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன், இவர்கள் பிறந்தது முதல் செத்தது வரை ராத்திரி முழுக்கப் பெயர் சொல்லிப் பாடி, சாவு வரும் இடத்தில் சாமியாடி இறங்கி ஆட, பூ வைத்து, படையல் போட்டு உட்கார வைக்கிற ஊர் இது. (இப்போது கொடையில் வில்லை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு இன்னிசைக் கச்சேரிக்கு மேடை போடுகிறார்கள், அது தனிப் புலம்பல், இன்னொரு நாள் பார்க்கலாம்.) அந்த ஊரில் பிறந்துவிட்டு, மரம் விழுந்து செத்த ஒரு கூலிக்காரனின் பெயரை, போனில் இடம் இல்லை என்று அழித்தவன் நான்.

சில மாதம் முன்னால்தான் ஜோ ஸ்காட் என்பவரைப் பற்றிப் படித்தேன். கனடாவில் 1867-ல் பிறந்து, அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் மரம் வெட்டியவர். பாட்டு கட்டுவார், கட்டியதைத் துண்டுத் தாளில் அச்சடித்து, மரம்வெட்டிகள் தங்கும் கொட்டகைகளில் பத்து சென்டுக்கு விற்பார். நம் ஊர்ச் சந்தையில் கொலைச் சிந்து (நடந்த கொலையைப் பாட்டாக அச்சடித்த சின்னப் புத்தகம்) விற்ற மாதிரியே. தடி உருண்டு செத்துப்போன கை ரீட் என்ற தொழிலாளி மேல் அவர் கட்டிய பாட்டு ரொம்பப் பிரபலம். பெயர் பாட்டிலேயே இருக்கிறது! 1918-ல் ஸ்காட் இறந்துபோனார். ஏறத்தாழ நாற்பது வருசம் கழித்து எட்வர்ட் ஐவ்ஸ் என்ற பேராசிரியர் அவரைத் தேடிக் கிளம்பினார். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் போட்டு, அவரைத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டு, கிழவர் கிழவிகள் வீட்டில் போய் டேப் ரெக்கார்டரை வைத்து உட்கார்ந்தார். பாட்டை மட்டும் கேட்கவில்லை. அந்த ஆள் எப்படி, எந்தப் பாட்டை எங்கே முதலில் கேட்டீர்கள், கேட்டு அழுதீர்களா என்றெல்லாம் கேட்டார். டேப்பையெல்லாம் பல்கலைக்கழகத்தில் சேர்த்து வைத்தார். ஒரு மரம்வெட்டிக்கு இவ்வளவு மெனக்கெடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. நா. வானமாமலை அந்தக் காலத்திலேயே தொகுத்த பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும், ஊர் ஊராக அலைந்த உழைப்பு அது, அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அ.கா. பெருமாள் நாகர்கோவிலில் இருந்துகொண்டே வில்லுப்பாட்டுக் கலைஞர்களைத் தேடித் தேடிப் பதிந்திருக்கிறார். நான் சொல்வது அவர்களுக்குப் பின்னால் வந்த நம்மை. கையில் எல்லோருக்கும் போன், மாடு கத்தினாலும் பதிவு, ஆனால் பாட்டி பேசத் தொடங்கியதும் "பேச்சு வேண்டாம் பாட்டி, நேரா பாட்டுக்கு வாங்க" என்கிறோம். அறுபது விநாடிக்குள் அடங்கணுமாம். பிறகு கெட்ட வார்த்தை இருக்கிறது என்று ரெண்டு வரி போகும். கீபோர்டு இசை சேரும். கடைசியில் "கிராமியப் பாடல்" என்று மேலே எழுதி ஒரு வயல் படம்.

பெயர் போடணும் என்று இவ்வளவு கத்துகிறவன் பாட்டா பெயரைப் போடவில்லையே என்று கேட்பீர்கள். அந்தக் கூலிப் பாட்டில் ஏச்சு வாங்குகிற காண்ட்ராக்டரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறு என்று பாட்டா வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டாவின் மனைவியை, பாட்டியை, பார்க்கப் போனேன். ஏழாம் கூப்பில் செத்தவர் பெயர் கேட்கத்தான். யோசித்தார். கீரிப்பாறைக்காரனா, தச்சமலைப் பக்கமா, சரியாக வரவில்லை. "அவருக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பேச்சை மாற்ற, கூலிப் பாட்டைப் போட்டுக் காட்டி, இதை பாட்டா நல்லாக் கட்டியிருக்கார் இல்லையா என்றேன்.

பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆரு கெட்டினா? அவரா சொன்னாரு?"

"அவர்தானே பாடினார் பாட்டி."

"படிச்சாரு. அவருக்க வாயில கூலிக் கணக்கு எங்க வரும் மக்கா? கையில தந்தத வாங்கிட்டு வருவாரு. கணக்கு பாத்தது நானாக்கும். அந்த ரெண்டு வரி எனக்கது. அவருக்கது அதுக்குப் பெறவு, ஏசுதது மட்டும்."

என் நோட்டில் அந்தப் பாட்டுக்குக் கீழே இத்தனை வருசமாகப் பாட்டா பெயர் இருக்கிறது. அவர் சொல்லாமலா இருந்திருப்பார்? அழித்த ஐந்து மணி நேரத்தில் எங்கேயாவது "இது அவ கெட்டினது" என்று ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

பேனா எடுத்து அடித்துத் திருத்தினேன். பாட்டி எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டு, "ஒரு காரியம் சொல்லுதேன் கேளு" என்று உட்கார்ந்தார். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. ரெண்டு மணி நேரம் பதினாலு நிமிடம் இருக்கிறது. அதில் ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் ஐந்து நிமிடம் வரும்.

கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை, தச்சமலைப் பக்கம் யார் வீட்டிலாவது கூப்பு வேலைக்குப் போன வயசானவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஈட்டி மரம், சிவப்புத் துவர்த்து, வேறு ஒருத்தனுக்குப் பதிலாக வந்தவர்.