'சூடு வருகிறதுதானே' என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

"சூடு வருகிறதுதானே அக்கா, பிறகென்ன?"

இந்த வசனத்தை இன்னொரு முறை யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால் நான் பொறுமையாக இருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரமான ஃபர்னஸைப் பொருத்தியவர்கள் சொன்னார்கள். சேர்விஸுக்கு வந்த தம்பி சொன்னான். மாமா சொன்னார். பிறந்தநாள் விழாவில் தட்டும் கையுமாக நின்றவர்களெல்லாம் சொன்னார்கள். சூடு வருவதற்கு ஃபர்னஸ் எதற்கு? நடுவீட்டில் விறகை அடுக்கிக் கொளுத்தினாலும் சூடு வரும். நெருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதன் புகையை மட்டும் துளியும் மிச்சமில்லாமல் வெளியே அனுப்புவதற்குத்தான் ஆயிரக்கணக்கில் டொலரைக் கொட்டுகிறோம். அதைச் செய்யத் தெரியாதவன் என் வீட்டு நிலவறைப் படியில் கால் வைக்கவே கூடாது.

நடந்ததைக் கேளுங்கள். கனடாவின் ஜனவரிக் குளிர். இரவில் ஃபர்னஸ் எரியத் தொடங்கும். சில நிமிடங்களில் நெருப்பு அணைந்துவிடும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், ஊதுவது குளிர்காற்று. பிறகு மறுபடி எரியும், மறுபடி அணையும். மாமி கம்பளித் தொப்பியோடு படுக்கிறார். பராமரிப்பு ஒப்பந்தம் என்று மாதாமாதம் காசு கட்டுகிறோமே, அந்த உரிமையில் அழைத்தேன். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் வருவார்களாம்! வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தேன். ஐந்து மணி கழிந்து, இருட்டிய பிறகு வந்தான்.

ஒரு கையில் கைத்தொலைபேசி, மறு கையில் ஒரு திருகாணி முடுக்கி. அவ்வளவுதான் அவனுடைய ஆயுதங்கள். காஸ் அழுத்தத்தை அளக்கும் மானி இல்லை. வெப்பமானி இல்லை. புகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி இல்லை. நிலவறைக்கு இறங்கினான். ஃபர்னஸின் முன்கதவைக் கழற்றினான். அந்தக் கதவின் உட்பக்கத்தில்தான், எந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டினால் என்ன கோளாறு என்கிற அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? கதவை அட்டவணை சுவரைப் பார்க்கும்படி திருப்பிச் சாத்தி வைத்தான். உள்ளே பலகையில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது, இயந்திரம் தன்னுடைய நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. அவன் எண்ணவில்லை. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். இடையில் அழைப்பு வந்தது. யாரோ விற்கப்போகும் காரைப் பற்றிக் கதைத்தான். டயர் புதியதா என்று கேட்டான். நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று கேட்டறிந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கை எங்கள் வீட்டு நெருப்பின்மேல் காட்டியிருக்கக் கூடாதா?

கதைத்து முடித்தான். உலோகச் சுவரில் பதிந்திருந்த ஒரு சிறிய வட்டப் பொருளிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துக் கழற்றினான். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினான். கறுப்பு ஒட்டுநாடா சுற்றினான். மின்சாரத்தைப் போட்டான். நெருப்பு பற்றியது, அணையவில்லை. மேலே வந்து காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, அந்த வசனத்தைச் சொன்னான்.

"தம்பி, எதைக் கழற்றினீர்கள்?"

"அது ஒரு சென்சர், அக்கா. புதிய மெசின்களில் இப்படித்தான், வீணாகத் தொல்லை கொடுக்கும்."

பிறகு படிவத்தை நிரப்பினான். காஸ் அழுத்தம்: சரி. வெப்பநிலை உயர்வு: சரி. எரிதல்: சரி. பாதுகாப்புச் சுவிச்சுகள்: சரி. எதைக் கொண்டு அளந்தாய்? கண்ணாலா? காதாலா? ஒன்றையும் அளக்காமல் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்ய விசேட கழிவு விலை இருக்கிறது, செய்வோமா என்று கேட்டான்.

அவன் கழற்றியது மிகைவெப்பச் சுவிச். அதுதான் வீணாகத் தொல்லை கொடுக்கிற சென்சராம்! ஃபர்னஸுக்குள்ளே நெருப்பு ஒரு பக்கம், நாம் மூச்சுவிடும் காற்று மறுபக்கம். நடுவில் நிற்பது வெப்பமாற்றி என்ற மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. உள்ளே வெப்பம் எல்லை தாண்டினால் அந்தச் சுவிச் காஸை நிறுத்துகிறது. விசிறியை ஓடவிட்டு உலோகத்தை ஆறவைக்கிறது. எங்கள் வீட்டில் இரவு முழுவதும் நடந்தது அதுதான். அது பழுதல்ல, காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் வெடிப்பு விழும். வெடிப்பு வழியாக விசிறிக் காற்று நெருப்புக்குள் புகுந்து எரிதலைக் குழப்பும். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, தலையிடியும் குமட்டலும் மட்டும் வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம்.

கறுப்பு ஒட்டுநாடா என் கண்ணைவிட்டு அகலவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை, தெரியாமலா செய்வான்? சூடு வருகிறதுதானே" என்றார். ஊர்ப் பிள்ளை என்றால் விஞ்ஞானமும் உறவுக்காக விட்டுக்கொடுக்குமா, மாமா?

வேறொரு இடத்திலிருந்து ஒரு பெண் தொழில்நுட்பரை வரவழைத்தேன். கேட்காமலே காஸ் வேலைக்கான தன் ஜி2 உரிமத்தை எடுத்துக் காட்டினார். கதவைத் திறந்து ஒட்டுநாடாவைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஃபர்னஸை நிறுத்தினார். கம்பிகளைப் பிரித்துச் சுவிச்சில் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார். கண்ணாடியும் விளக்கும் வைத்து வெப்பமாற்றியைத் தேடிப் பார்த்தார், வெடிப்பு இல்லை. பிறகு ஃபர்னஸுக்குள் திரும்பிவரும் காற்றுக்குழாயில் ஒரு வெப்பமானி, வெளியேறும் குழாயில் இன்னொன்று. வித்தியாசம் 35 முதல் 65 பாகை ஃபரனைட்டுக்குள் இருக்கவேண்டும் என்று இயந்திரத்தின் தகட்டிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது 80ஐத் தாண்டியது. சுவிச் சொன்னது முழு உண்மை!

ஏன் தாண்டியது? பொருத்தியவர்களைக் கேளுங்கள். 1960களில் கட்டிய சிறிய வீடு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில். பழைய இயந்திரத்தில் வெப்ப அளவு 100,000 பி.ரி.யு என்று எழுதியிருந்ததைப் பார்த்தார்கள், அதே அளவில் புதியதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பழையது தனக்குள் போன காஸில் ஒரு பெரும் பங்கைப் புகையோடு வெளியே கொட்டியது. புதியது 95 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே தருகிறது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வீட்டு ஃபர்னஸ்களுக்குக் கனடாவில் குறைந்தபட்சமே 95தான். அதற்கிடையில் சன்னல் மாற்றினோம், கூரைக்குள் வெப்பக்காப்புப் போட்டோம். வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிட சி.எஸ்.ஏ எஃப்280 என்று ஒரு முறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் எங்களுக்கு 50,000 கூடத் தேவையில்லை. அவ்வளவு வெப்பத்தையும் அள்ளிச் செல்லும் அகலம் அந்தப் பழைய காற்றுக்குழாய்களுக்கு இல்லை. ஆகவே வெப்பம் உள்ளே தேங்குகிறது, சுவிச் அணைக்கிறது. கணக்குப் போடாதவனின் பிழையைச் சுவிச் கண்டுபிடித்தது. வந்தவன் சுவிச்சின் வாயை அடைத்தான்.

புகைக்குழாயிலும் திருகுதாளம். இந்த வகை ஃபர்னஸின் புகை பிளாஸ்ரிக் குழாயில் போகும் அளவுக்குக் குளிர்ந்தே வெளியேறும். அதிலிருக்கும் நீராவி உள்ளேயே தண்ணீராகிவிடும், அதுவும் அமிலத் தண்ணீர். ஆகவே புகைக்கென்றே சான்று பெற்ற யு.எல்.சி எஸ்636 குழாய் போடவேண்டும். தண்ணீர் தேங்காமல் வடிய, அடிக்குக் கால் அங்குலம் வீதம் அது ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் நடுவில் ஒரு துண்டு சாதாரணக் கழிவுநீர்க் குழாய். பாதி வழியில் தொய்வு வேறு.

ஆனால் என்னை நடுங்க வைத்தது ஃபர்னஸே அல்ல. அதற்குப் பக்கத்தில் நிற்கும் சுடுதண்ணீர்த் தாங்கி. முன்பு இரண்டும் ஒரே செங்கல் புகைபோக்கியில் புகைவிட்டன. ஃபர்னஸின் சூடான புகை அந்தப் பெரிய புகைபோக்கியை வெதுவெதுப்பாக வைத்திருந்தது, தாங்கியின் சிறிய புகையும் அதன் தயவில் மேலே ஏறியது. புதிய ஃபர்னஸ் சுவர் வழியாக வெளியே போய்விட்டது. இப்போது தாங்கி தனியே. அத்தனை அகலமான, குளிர்ந்த புகைபோக்கியில் அதன் புகைக்கு ஏறத் தெம்பில்லை. பாதியில் ஆறும், சுவரை அரிக்கும், திரும்பி இறங்கும். உள்ளே சிறிய உலோகக் குழாய் ஒன்றை இறக்கியிருக்கவேண்டும். ஃபர்னஸ் மாற்றும் ஒவ்வொருவனும் பார்க்கவேண்டிய விசயம் இது. அந்தப் பெண் சன்னல்களைச் சாத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும் சமையலறை விசிறியையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, தாங்கியின் மேல்வாயில் புகைக்குச்சியைப் பிடித்தார். புகை மேலே போகவில்லை. என் காலடிக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் விளையாடும் நிலவறை அது! பொருத்திய நாளில் ஒரு புகைக்குச்சியைப் பிடித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, விலைப்பட்டியலை நீட்ட மட்டும் நேரம் இருந்தது.

ஆபத்து, இயக்கக் கூடாது என்கிற சிவப்புச் சீட்டைத் தாங்கியில் மாட்டினார். தாங்கி உடனே நிறுத்தப்பட்டது. குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினேன், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"அலாரம் இருக்கிறதுதானே" என்று அடுத்த வசனத்தோடு வருபவர்களுக்கும் சொல்கிறேன். இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். 2008 டிசெம்பரில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்டொக் நகரில் மாகாணப் பொலிஸ் அதிகாரி லோரி ஹோக்கின்ஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், வீட்டுக் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டதால் இறந்துபோனார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013இல் சட்டம் வந்தது; 2014 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம். ஆனால் வழக்கமான அலாரம், பத்து லட்சத்தில் 70 பங்கு காபன் மொனொக்சைட் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலறும். நான்கு மணி நேரம்வரை அதற்கு அவகாசம் உண்டு. 30 பங்குக்கு வாயே திறக்காது. அது கடைசிக் காவல். முதல் காவலைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடைசியைக் காட்டிச் சமாதானம் சொல்ல எப்படி மனம் வருகிறது?

நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். "எங்கள் படிவத்தில் எல்லாம் சரி என்றுதான் இருக்கிறது, அம்மா" என்றாள் ஒரு பெண். அந்தப் படிவம்தானம்மா குற்றப்பத்திரிகை!

எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். ரசீது இல்லாமல் காசாகக் கொடுத்தால் குறைத்துச் செய்வான் என்று தொலைபேசி எண்ணைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உரிமம் கேட்டால் மரியாதைக் குறைவாம். வீடு வீடாக வந்து ஃபர்னஸ் விற்பதை 2018 மார்ச்சில் மாகாணம் தடை செய்தது. கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் வருகிறார்கள், அதற்கும் தலையாட்டுகிறீர்கள். காஸ் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ரி.எஸ்.எஸ்.ஏ என்ற பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்திருக்கவேண்டும். பதிந்திருக்கிறாரா என்று கேட்டால் அவர் முகம் சுருங்குமாம். சுருங்கட்டும்! உங்கள் பிள்ளைகளைவிட அவர் முகம் பெரிதா?

இத்தனைக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர். தன் வாசல் பனியை இயந்திரத்தால் வாரி, இரண்டு வீட்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியில் எறிகிறார். அங்கேதான் எங்கள் ஃபர்னஸ் மூச்சு வாங்கும் குழாயும் புகைவிடும் குழாயும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. வழக்கமாகப் படியும் பனிக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுப் பொருத்தவேண்டிய குழாய்கள் அவை. இவர் கொட்டும் குன்றுக்கு எந்த விதியில் இடைவெளி விடுவது? எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சரி, சரி" என்று தலையாட்டுவார், அடுத்த பனிக்கு அதே இடம். அதோ, மறுபடியும் இயந்திரச் சத்தம் கேட்கிறது. எங்கே என் சப்பாத்து?