டப்பா சேஃபாம், மூடி சேஃப் இல்லையாம்!

இல்ல தெரியாமதான் கேக்குறேன், டப்பாவையும் மூடியையும் சேத்துதானய்யா வித்தீங்க? காசையும் சேத்துதானய்யா வாங்குனீங்க? அப்புறம் என்ன டப்பா மட்டும் மைக்ரோவேவ்ல வைக்கலாம், மூடிய வைக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம்?

நேத்து ராத்திரி ஒம்போதரை மணி. பசி கண்ண அடைக்குது. ஃப்ரிட்ஜ்ல முந்தாநாள் எண்ணெய் கத்திரிக்கா குழம்பு (முந்தாநாள் ஆனாதான் அதுக்கு ருசியே). போன வாரம் வாங்குன புது டப்பா, 3 டப்பா செட்டு 450 ரூவா. வாங்கும்போதே கேட்டேங்க, "அண்ணே இத மைக்ரோவேவ்ல வைக்கலாமா?"ன்னு. "தாராளமா வைங்கக்கா, நம்ம வீட்லயே இதான்"னார். அவர் வீட்ல மைக்ரோவேவ் இருக்கான்னு கேக்காதது என் தப்பு.

மூடியோட 2 நிமிஷம் வச்சேன். ஒண்ணரை நிமிஷத்துல உள்ள டொப்னு ஒரு சத்தம். திறந்தா மூடி நடுவுல பூரி மாதிரி உப்பி, ஒரு ஓரம் குழைஞ்சு குழம்புக்குள்ள நாக்க தொங்கப்போட்டுட்டு கெடக்கு. எண்ணெய் மிதந்த இடத்துல டப்பாவ சுத்தி ஒரு கோடு, வெள்ளையா சொரசொரன்னு, விரல் வச்சா தட்டுப்படுது. தண்ணின்னா 100 டிகிரியோட நின்னுக்கும், எண்ணெய் அதுக்கும் மேல போகும், இதெல்லாம் அந்த டப்பா பண்ணவனுக்கு தெரியாதா? நம்மூர்ல எவன்யா எண்ணெய் இல்லாம குழம்பு வைக்கிறான்?

சரின்னு குழம்ப கொட்டிட்டு (அழுக வந்துச்சு) டப்பாவ கவுத்து செல்லுல டார்ச் அடிச்சு பாக்குறேன். வெள்ள டப்பால வெள்ள எழுத்து, எறும்பு சைஸ். சாய்ச்சு பாத்தா முக்கோணத்துக்குள்ள 5. அதாவது பாலிபுரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக், சூடு தாங்கும். பக்கத்துல அலையலையா கோடு, மைக்ரோவேவ்ல வைக்கலாம்ங்கிற அடையாளம். எல்லாம் கரெக்டா இருக்கேன்னு பாத்தா அதுக்கு மேலயே விலை ஸ்டிக்கர். நகம் போற அளவுக்கு சுரண்டுனா, அடில இருக்கு: "மூடியை எடுத்துவிட்டு சூடாக்கவும்"னு இங்கிலீஷ்ல. மூடிய திருப்பிப் பாத்தா அதுல 4. அது மெத்துன்னு இருக்குற வேற பிளாஸ்டிக், சூடு காட்டுனா இளகிடும். எவ்ளோ பெரிய விஷயம், அத ஸ்டிக்கருக்கு அடில ஒளிச்சு வச்சிருக்கீங்களேடா!

வேற எதுல வைக்கிறது சொல்லுங்க. வீடு பூரா எவர்சில்வர், கல்யாணச் சீர்ல வந்தது, பேரு வெட்டுனது, நாப்பது பாத்திரம் இருக்கு, ஒண்ணு உள்ள போகாது. தங்கக் கோடு போட்ட பீங்கான் கப்ப ஒரு தடவ வச்சேன், உள்ள தீபாவளி. மெலமைன் தட்டு வச்சா தட்டு கைய சுடுது சோறு ஜில்லுனு இருக்கு, அதையும் வைக்கக்கூடாதாம். பார்சல் வாங்குன கருப்பு டப்பாவ பத்தி வாயத் தொறக்க வேணாம். கண்ணாடிதான் நல்லதுங்குறாங்க, அதுலயும் போரோசிலிகேட்டான்னு (சூடு தாங்குற கண்ணாடியாம்) பாத்து வாங்கணுமாம், அதையும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட வைக்கக்கூடாதாம், விரிசல் விட்டுரும். அப்ப ஜில்லு போற வரைக்கும் வெளிய வச்சு, பக்குவமா எடுத்து, மூடிய கழட்டி, மேல ஒரு பீங்கான் தட்ட கவுத்து... அதுக்கு நான் ரசமே வச்சிருப்பேனே!

அம்மாவுக்கு போன் பண்ணி பொலம்புனா, "அடுப்புல வச்சிருந்தா ரெண்டு நிமிஷம்டி"ங்குது. அதே ரெண்டு நிமிஷம்தாம்மா இதுவும்னு சொல்ல வாயெடுத்தேன், சிரிப்பு வந்துருச்சு.

கடைசில முட்டைய ஊத்தி சாப்டுக்கலாம்னு அடுப்புகிட்ட போனா லைட்டர். டிக். டிக். டிக். நாப்பது டிக் அடிச்சாச்சு, ஒரு பொறி வரல. மைக்ரோவேவ்ல வைக்கக்கூடாதத வச்சா மட்டும் பொறி பறக்குது. வாங்கி மூணு மாசம் ஆகலங்க இந்த லைட்டரு...