வான்கோழி வேட்டைக்கு எந்த ரவை வாங்குவது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தோட்டா விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் அலமாரி முன்னால் நாலு பேர் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் அந்தச் சின்ன உலோக உருண்டைகள், அதாவது ரவை, நாலாம் எண்ணா, ஐந்தா, ஆறா? போதாக்குறைக்கு இப்போது டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தில் ஒன்பதாம் எண்ணும் வந்து சேர்ந்துகொண்டது. இங்கே புதிதாக வேட்டை உரிமம் எடுத்திருக்கும் நம் ஆட்கள் சிலரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் கருத்து இதுதான்: ஈயம் என்றால் ஐந்து அல்லது ஆறு, காசு இருந்தால் டங்ஸ்டன் ஒன்பது, எது வாங்கினாலும் 40 கெஜத்தைத் தாண்டிச் சுடவே கூடாது.

பழக்கமில்லாதவர்களுக்கு அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வான்கோழிக்குப் போடும் ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு கிடையாது, நூற்றுக்கணக்கான சின்ன ரவைகள் இருக்கும். எண் கூடக் கூட ரவை சிறுத்துக்கொண்டே போகும். 17இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, ரவையின் விட்டம் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஐந்தாம் எண் என்றால் 0.12 அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர். ஈயத்தில் ஒரு அவுன்ஸுக்கு நாலாம் எண் சுமார் 135 ரவை, ஐந்தாம் எண் 170, ஆறாம் எண் 225.

"பெரிய பறவை, அதனால் பெரிய ரவை" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 20 பவுண்டு எடையுள்ள ஆண் வான்கோழியைப் பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த உடம்பை நாம் சுடுவதே இல்லை. அடுக்கடுக்கான இறகு, அதற்குள் தடித்த நெஞ்சுச் சதை, இவற்றின் மீது ரவை பாய்ந்தால் பறவை ஓடியோ பறந்தோ போய்விடும், எங்கேயோ புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டையில் இதைவிடக் கேவலமான காரியம் எனக்குத் தெரியாது. குறி தலையும் கழுத்தும்தான். மூளை இருக்கும் இடம் மிகச் சிறியது, அதன் கீழே கழுத்தெலும்பு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அதுவும் தோகையை விரித்துக்கொண்டு வரும்போது கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும், அப்போது சுடக் கூடாது. வான்கோழி போலக் குரல் எழுப்பும் அழைப்பானில் ஒரு சின்னக் குரல் கொடுத்தால் 'என்ன அது' என்று தலையை நிமிர்த்தும். அந்த நொடிதான் நமக்கு.

இவ்வளவு ஒல்லியான இடத்தில் படவேண்டும் என்றால் எண்ணிக்கைதான் முக்கியம். 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழவேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடம் ரொம்ப காலமாக இருக்கும் அளவுகோல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றேமுக்கால் அவுன்ஸ் ரவை போட்ட தோட்டாவில் நாலாம் எண் சுமார் 236 ரவை, ஆறாம் எண் சுமார் 394. நாலாம் எண்ணில் 100 விழ வேண்டுமென்றால் நூற்றுக்கு 42 அந்த வட்டத்துக்குள் வந்தாக வேண்டும், ஆறாம் எண்ணில் 25 வந்தால் போதும். 40 கெஜத்தில் நூற்றுக்கு 42 என்பது எல்லாத் துப்பாக்கியாலும் ஆகிற காரியமில்லை. அந்தத் தூரத்துக்குள் ஆறாம் எண் ஈயம் தலையில் தாராளமாகப் பாயும். ஐந்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஆனால் இதெல்லாம் கணக்கு. உங்கள் துப்பாக்கி என்ன செய்யும் என்று காகிதம்தான் சொல்லும். பெரிய பழுப்புக் காகிதத்தை மரச் சட்டத்தில் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, 40 கெஜம் அளந்து, மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்து ஒரே ஒரு வெடி. அப்புறம் காகிதத்தைப் பிரித்து, ஓட்டை எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அதைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு, ஒவ்வொரு ஓட்டையாக மார்க்கரால் குறித்துக்கொண்டே எண்ணுங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். என் 12 கேஜ் துப்பாக்கியில் (கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் குழல் ஒல்லி) நாலாம் எண் போட்ட காகிதத்தின் மேல் தலையும் கழுத்தும் வரைந்த அட்டையை வைத்துப் பார்த்தபோது, வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு முழுக் கழுத்தும் ஒரு ரவைகூடப் படாமல் நுழைந்து போகிற அளவு இடைவெளி இருந்தது. அதே துப்பாக்கி, அதே சோக் (ரவைக் கூட்டம் சிதறாமல் இறுக்கும் குழல்முனைக் குறுகல்), ஐந்தாம் எண்ணில் அந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. அதே பெட்டித் தோட்டாவை நண்பரின் துப்பாக்கியில் போட்டால் மொத்தக் கூட்டமும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழுகிறது. குழலுக்குக் குழல், சோக்குக்கு சோக், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால்தான் யாராவது "இந்த எண்தான் பெஸ்ட்" என்று அடித்துச் சொன்னால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சரி, டங்ஸ்டன். இது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 11 கிராம், இந்த டங்ஸ்டன் கலவைக்கு 18. ஒரே வேகத்தில் போகும் ரவை எவ்வளவு ஆழம் பாயும் என்பதற்கு அடர்த்தியையும் விட்டத்தையும் பெருக்கிப் பார்ப்பது ஒரு நல்ல குத்துமதிப்பு. 0.08 அங்குல டங்ஸ்டன் ஒன்பதுக்கும் 0.13 அங்குல ஈய நாலுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவுன்ஸுக்கு 135 இருந்த இடத்தில் சுமார் 360 ரவை! இதனால் 20 கேஜும், ஏன், அதைவிட ஒல்லிக் குழலான .410உம்கூட வான்கோழித் துப்பாக்கி ஆகிவிட்டன. தோள் அதிராமல் சுடலாம் என்பதால் பிள்ளைகளுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் இது வரப்பிரசாதம். விலைதான் வலிக்கும், ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தொடும்.

என் கோபம் எங்கே என்றால், இந்த நல்ல சரக்கை 60 கெஜம், 70 கெஜம் சுடுவதற்கான அனுமதிச் சீட்டாக ஆக்குகிறார்களே, அங்கே. காகிதத்தில் 60இல் நூறு ஓட்டை விழலாம். காட்டில் காகிதமா நிற்கிறது? பறவை தலையை ஆட்டிக்கொண்டே நடக்கும், நடுவில் சுள்ளி இருக்கும், அரை வெளிச்சத்தில் 50ஐ 40 என்று கண் சொல்லும். வான்கோழி வேட்டையின் சாரமே அதைக் குரலால் பக்கத்தில் வரவழைப்பதுதான், அதை விட்டுவிட்டுத் தூரத்தை விலைக்கு வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். இறுக்கமான சோக்குக்கு மறுபக்கமும் உண்டு. 12 கெஜத்தில் மொத்த ரவையும் ஒரு கைப்பிடி அளவில்தான் போகும், சற்றே பிசகினாலும் முழுசாகத் தவறிவிடும். அதனால் 15 கெஜத்திலும் ஒரு காகிதம் சுட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் வான்கோழிக்கு ஈயத்தில் நாலாம் எண்ணைவிடவோ, எஃகில் இரண்டாம் எண்ணைவிடவோ பெரிய ரவை கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமே கூடாது. எஃகின் அடர்த்தி 8கூட இல்லை, அதனால் அதில் பெரிய ரவையாக எடுத்துத் தூரத்தைக் குறைக்க வேண்டும், வான்கோழி சோக்கில் எஃகைப் போடலாமா என்று சோக் தயாரித்தவர் சொல்வதையும் பார்க்க வேண்டும்.

"எதற்கு இந்தக் கொலை" என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கேள்வி இயல்புதான். இங்கே கதை வேறு. கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் 1930களில் நாடு முழுக்க சுமார் இரண்டு லட்சம் காட்டு வான்கோழிகள்தான் மிஞ்சியிருந்தன. 1937இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வன உயிர்களுக்குப் போகிறது. வலை போட்டுப் பிடித்து, பறவை இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டு, இன்று பல லட்சங்களாகப் பெருகியிருக்கின்றன. வசந்த காலத்தில் இங்கே நெஞ்சில் தாடி தொங்கும் பறவையை மட்டும்தான் சுடலாம், அது பெரும்பாலும் ஆண்தான்.

இந்த வருடம் முதல் தடவை போகிறவர்கள் ஐந்தில் ஒரு பெட்டி, ஆறில் ஒரு பெட்டி, வேறு வேறு தயாரிப்பில் வாங்குங்கள். காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம். பார்வைக் குறியைச் சரிசெய்ய விலை குறைந்த லேசான தோட்டா போதும், மூன்று அங்குல நீள வான்கோழித் தோட்டா தோளைப் பதம் பார்த்துவிடும். 30இலும் 40இலும் காகிதம் சுட்டு, இடைவெளி இல்லாமல் நூறு விழுகிற தூரம் எதுவோ அதை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், அது 32 கெஜம் என்றாலும் சரி. காட்டில் மரத்தடியில் உட்கார்ந்ததும் அந்தத் தூரத்தில் ஒரு பாறையையோ விழுந்த கட்டையையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் சுட்டவர்கள் படத்தைப் போடுங்கள், எந்தத் துப்பாக்கி, என்ன சோக், எத்தனை கெஜம் என்றும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.