குறை எழுதும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள்

ஆன்லைனில் வாங்குபவர் விற்றவரைப் பற்றிக் கருத்து எழுதுவதுபோல, விற்பவருக்கும் வாங்குபவரைக் குறை சொல்லும் உரிமை வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஈபே என்ற இணையச் சந்தையில் அந்த உரிமை முன்பு இருந்தது. வாங்கியவர் குறை எழுதினால், விற்றவரும் பதிலுக்கு எழுதிவிடுவார். அந்தப் பயத்திலேயே பலர் உள்ளதைச் சொல்லாமல் விட்டார்கள். அதனால் 2008-இல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைக் கருத்து இட முடியாதபடி மாற்றினார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவுதான்.

ஆனால் அப்புறம் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் கைக்கு வந்துவிட்டது. நான் ஆன்லைனில் பருத்திப் புடவை விற்கிறேன். கூரியர் நான்கு நாள் தாமதமானதற்காக ஒருவர் புடவைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். புடவை அருமை என்றும் அதிலேயே எழுதியிருந்தார். மனசு மிகவும் வலித்தது. பொருளுக்கான மதிப்புரை வேறு, விற்பவருக்கான கருத்து வேறு. அமேசானில் இரண்டுக்கும் தனித்தனி இடமே உண்டு. மாதம் பத்துப் புடவை விற்பவருக்கு ஒரு நட்சத்திரம் சராசரியையே கீழே இழுத்துவிடும். குறை இருந்தால் தாராளமாக எழுதுங்கள், படமும் போடுங்கள். அதற்கு முன்னால் விற்றவருக்கு ஒரு செய்தி அனுப்பி இரண்டு நாள் பொறுங்கள். எழுதிய பிறகு அவர் பொருளை மாற்றிக் கொடுத்துவிட்டால் பழைய கருத்தையும் மறக்காமல் திருத்துங்கள்.